அம்மா கொப்பியில் குறித்த அதிர்ச்சி அலை

என் செல்லத் தங்கச்சி யோகாவுக்கு,

இந்தக் கடிதத்தை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஊரும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற அளவுக்கு எனக்குக் கோபம் ஆறவில்லை. நீ இருந்தால், "அண்ணே, மொதல்ல தண்ணியக் குடி, அப்பறம் கத்து" என்பாய். குடித்துப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை.

நீ போனபிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. வட்டவளை மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போகிறது, வருகிறது, மறுபடியும் போகிறது. போகும்போதெல்லாம் இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், உன் கணினிக்குக் கீழே இருக்கிற யூபிஎஸ் பெட்டி கத்துகிறது. அதில் எந்தக் கணக்கும் ஓடவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறார். வெறும் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். பெட்டியைக் கழற்றிவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "கெடக்கட்டும்ப்பா, அது பாட்டுக்குக் கத்தட்டும்" என்றார்.

செய்தி இதுதான். நீ கண்டுபிடித்தது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வந்துவிட்டது. அதை எழுதியவர்கள் என்று உன் பேராசிரியரையும் சேர்த்து மூன்று பேரின் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்த கதையை நான் சொன்னால் எங்கேயாவது தப்பாகத்தான் சொல்வேன். நான் ஹட்டனில் கைத்தொலைபேசியும் கணினியும் பழுது பார்க்கிறவன். என் அறிவு அவ்வளவுதான்.

ஒலியைவிட வேகமாகப் பறக்கிற விமானத்தின் எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதுதான் உன் படிப்பு. அந்த வேகத்தில் வருகிற காற்றை எஞ்சினால் அப்படியே விழுங்க முடியாதாம். வாய்ப் பகுதியிலேயே அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக அங்கே ஒரு அதிர்ச்சி அலையை நிற்க வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் மாதிரி. காற்று அந்தச் சுவரைத் தாண்டியதும் அடங்கி உள்ளே போகும். அந்தச் சுவர் ஒரே இடத்தில் நின்றால் நல்லது. சில நேரம் அது வெளியே தள்ளப்பட்டு, திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், ஒரு நொடிக்குள் பல தடவை ஆடத் தொடங்கிவிடும். அப்படி ஆடினால் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுகூடப் போகலாம். அது எப்போது நிற்கும், எப்போது ஆடும் என்பதைக் கணினியில் கணக்குப்போட்டுக் காட்டுவது உன் வேலை. சரியாகச் சொல்லிவிட்டேனா?

உன்னை எத்தனை பேர் கேட்டார்கள், "இந்த நாட்டில ஏது அப்பிடி பிளேன்?" என்று. தோட்டத்துப் பிள்ளை தேயிலையைப் பற்றி ஆராயக்கூடாதா, கொழுந்து வாடுவதைப் பற்றி ஆராய்ந்தால் நம் சனத்துக்கு உதவுமே என்று நேர்முகத் தேர்விலேயே ஒருவர் கேட்டாராம். நீ அன்றைக்கு ரயிலை விட்டு இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது. "கொழும்புப் புள்ள கப்பலப் பத்திப் படிச்சா யாராச்சும் நீ மீனப் பத்திப் படினு சொல்றாங்களா அண்ணே?" என்று கேட்டாய்.  

பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் கணினிக்கு வரிசை. சின்னக் கணக்குகளை வீட்டில் ஓட்டிக்கொள் என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் கடையில் கிடந்த பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன். ஓரறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்தின் குளிருக்கு அது சூடேறவே இல்லை. உன் ஆய்வுகூடத்தில் ஏசி போட்டும் இந்தச் சுகம் இல்லை என்று சொல்லிச் சிரித்தாய். ஒரே தொல்லை கரண்ட்தான். ஒரு கணக்கு நாள்கணக்கில் ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் வீண். யூபிஎஸ் தாங்குவது சில நிமிடம். நீ வாரத்தில் மூன்று நாள் பல்கலைக்கழகத்தில், நான் கடையில். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான்.

அம்மாவுக்கு நீ சொல்லிக்கொடுத்த அன்று நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இந்தப் பொட்டி கத்துச்சுன்னா ஓடியாந்து இந்தச் செவப்புப் பொட்டு வச்ச பட்டன அமுக்குங்க. கணக்கு அதுவரைக்கும் உள்ளதச் சேமிச்சுட்டு நின்னுரும். நின்ன எடத்துல ஒரு நம்பரு தெரியும். அத அப்பிடியே கொப்பில எழுதிருங்க. வேற ஒண்ணும் தொட வேணாம்." அம்மா கேட்டார், "நம்பரு மட்டும் போதுமாடி? ஏன் போச்சுனு எழுத வேணாமா?" நீ சிரித்துக்கொண்டே, "எழுதுங்க, எழுதுங்க, அதுவும் இருக்கட்டும்" என்றாய். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கிய மனுஷி. அந்த வேலையை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

அந்தப் பட்டனில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

உன் கணக்கு படி படியாக முன்னேறும். இரண்டாயிரம் படிக்கு ஒரு தடவை அது தானாக ஒரு படத்தைச் சேமிக்கும். அப்படித்தான் அமைக்க வேண்டும் என்பது உன் பேராசிரியரின் ஏற்பாடு. ஆய்வுகூடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சுவர் ஒரே இடத்தில் நின்றது. அலை ஆடவில்லை, ஓட்டம் நிலையானது என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் ஓட்டிய கணக்கு மட்டும் அடங்காப்பிடாரியாக இருந்தது. கரண்ட் போய், அம்மா நிறுத்தி, மறுபடி ஓடவிட்டால், அங்கிருந்து அடுத்த இரண்டாயிரம், அதற்கடுத்த இரண்டாயிரம் என்று சேமிக்கும். அந்தப் படங்களில் சுவர் வேறு இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை. மறுபடி கரண்ட் போனால், சுவர் இன்னோர் இடம்.

பேராசிரியர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "உங்கட தோட்டத்துக் கரண்டாலதான் கணக்கு உடையுது. உந்தக் கணக்கைத் தூக்கி எறிஞ்சுபோட்டு இங்க லாபில ஓட்டும்." நீ அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டும்போது அவரைப் போலவே பேசிக் காட்டினாய். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே எனக்குக் கசக்கிறது.

நீ தூக்கி எறியவில்லை. ஒரு வாரம் அம்மாவின் கொப்பியையும் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு சாயங்காலம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துப் பக்கமிருந்து நடந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் போய் நின்றாய். "அம்மா, தொரை தெனமும் காலையில பெரட்டுக்கு மட்டும் வந்து பாத்துட்டுப் போயிர்றாருனு வச்சுக்கங்க. தெனமும் எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. அவரு என்னா எழுதுவாரு?" அம்மா, "என்னா எழுதுவாரு?" என்றார். "இந்தத் தோட்டத்து ஆளுங்க நின்ன எடத்த விட்டு அசையவே மாட்டாங்கனு எழுதுவாரு! மலைக்கு ஏறுனது, கொழுந்து எடுத்தது, எறங்குனது, ஒண்ணுமே அவருக்குத் தெரியாது. ஏன்னா அவரு எப்பவும் ஒரே நேரத்துல வர்றாரு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்பே விளங்கிவிட்டது. சுவர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஒருதரம் போய்வர எடுக்கிற நேரமும் இரண்டாயிரம் படியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் படம் பிடிக்கிற நேரமெல்லாம் அது திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறது. ஆய்வுகூடத்தில் கரண்ட் போகவே போகாது. அதனால் அங்கே இந்தத் தப்பு ஒருநாளும் வெளியே வந்திருக்காது. நம் லயத்தில் மரம் விழுந்து, கம்பி அறுந்து, அம்மா கண்ட நேரத்தில் நிறுத்தியதால்தான் அலை பிடிபட்டது.

நீ ஐம்பது படிக்கு ஒரு படம் என்று மாற்றி ஓட்டினாய். இடம் போதாமல் நான் கடையிலிருந்து பழைய வன்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். அன்றைக்கு இஸ்தோப்பில் நாம் மூன்று பேரும் நின்று பார்த்தோமே, அந்தச் சுவர் வாய்க்கு வெளியே போவதையும் உள்ளே வருவதையும். "ஆடுது பாருங்க, ஆடுது பாருங்க" என்று நீ குதித்தாய். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, என்ன படம் ஓடுகிறது என்று கேட்டார்கள்.

அதையெல்லாம் பேராசிரியருக்கு அனுப்பினாய். அவர் என்ன செய்தார்? ஆய்வுகூடத்தில், போகாத கரண்டில், அதே இரண்டாயிரம் படிக்கு ஒரு படம் என்றே மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். சுவர் நின்றது. "பாத்தீரா, நான் சொன்னது தானே" என்றார். இடைவெளியை மாற்றி ஓட்டுங்கள் என்று நீ கெஞ்சியிருக்கிறாய். ஒருதரம் மாற்றிப் பார்க்க அவருக்கு என்ன கஷ்டம் யோகா? அதைத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆய்வுகூடத்திலிருந்து வந்திருந்தால் மாற்றிப் பார்த்திருப்பாரா? வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்?

அந்த மாதமே உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. நாலே நாள். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது.

உன் கருமாதி முடிந்த வாரம் பேராசிரியர் தொலைபேசியில் பேசினார். அழாத குறையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். யோகேஸ்வரியின் வேலை வீணாகக் கூடாது, கணினியில் உள்ளதெல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும், ஒரு பிரதி தந்தால் நல்லது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து, ஒரு கோப்பு விடாமல் பிரதி எடுத்து, துடைத்து, பொதி செய்து, நானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீதுகூடக் கேட்கவில்லை. பெரிய மனுஷர் கேட்டால் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பது நம் வழக்கமாயிற்றே. பேராசிரியர் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது. மன்னித்துக்கொள்.

கட்டுரை வந்ததை எனக்குச் சொன்னது திலினி. உன் பின்னால் "அக்கா அக்கா" என்று சுற்றுவாளே, உனக்கு ஒரு வருடம் இளைய சிங்களப் பிள்ளை, அவள்தான். கட்டுரையை அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். நீ கற்றுக்கொடுத்த தமிழில், "அண்ணா, நாலாவது படம் பாருங்க. அது அக்கா செய்தது. எனக்குத் தெரியும். நான் பாத்தேன்" என்றாள். 

நான் கடையில் வைத்தே அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரே இடைவெளியில் சேமித்தால் ஆடுகிற அலையும் நிற்பதுபோலத் தெரியும், இடைவெளியை மாற்றினால் உண்மை தெரியும் என்பதுதான் கட்டுரை முழுக்க. இரண்டாம் பக்கத்தில், "நாங்கள் அவதானித்தோம்" என்று இருந்தது. நாங்களாம்! கடைசியில், பொடி எழுத்தில், கணினிப் பராமரிப்பில் உதவிய காலஞ்சென்ற செல்வி யோகேஸ்வரிக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். கணினியைப் பராமரித்தது நான். அப்படிப் பார்த்தால் அந்த நன்றிகூட உனக்கு வரவில்லை.

நாலாவது படத்தை அம்மாவிடம் காட்டினேன். நாலு சின்னப் படம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்துபோய்க் கொப்பியை எடுத்துவந்தார். 41,373. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில், "ஒம்போதாம் லயத்துகிட்ட மரம் விழுந்தது." 58,219. "இடி." 66,908. "ஏன்னு தெரியல." 73,541. "மழை." நாலும் அப்படியே இருந்தன. உலகத்தில் எந்த ஆய்வாளனாவது 41,373ஆவது படியில் ஒரு படத்தைச் சேமிக்கலாம் என்று தானாக முடிவு செய்வானா? கரண்ட் போன நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அமுக்கிய நொடி அது.

"இது நான் எழுதுன நம்பரு தம்பி" என்றார் அம்மா. "என் புள்ள பேரு எங்க?"

இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். அம்மா உன் பட்டமளிப்புக்கு உடுத்திய சேலையை உடுத்திக்கொண்டார். கொப்பியை ஒரு துணிப்பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். பேராசிரியர் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எழுந்து நின்றார், கதிரை போட்டார், தேநீர் வரவழைத்தார். கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இருங்கோ, நீங்கள் கோவிக்கக் கூடாது" என்று தொடங்கினார். "யோகேஸ்வரி கெட்டிக்காரப் பிள்ளை. அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா அந்தத் தவணைக்கு அவ பதிவைப் புதுப்பிக்கேல்லை. அதால அவவை எங்கட மாணவி எண்டு போடேலாது. மற்றது, கட்டுரையில பேர் போடுறதெண்டா அவையின்ர ஒப்புதல் வேணும். காலமான ஆளிட்ட ஒப்புதல் எடுக்கேலாது தானே."

நான் கத்திவிட்டேன் யோகா. "பேரு போட ஒப்புதல் வேணும், படத்த எடுக்க ஒப்புதல் வேணாமா சார்? அதுக்கு மட்டும் அவ செத்திருந்தா பரவாயில்லையா?" வெளியே நடந்துபோன மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "இந்தக் கணக்குத்தான் தோட்டத்துக் கரண்டால ஒடஞ்சுபோன கணக்கு. தூக்கி எறியச் சொன்னீங்களே. எறிஞ்சத யாரு பொறுக்குனது?"

அவர் முகம் கறுத்தது. பிறகு மெதுவாக, துறையில் உனக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்கலாம், உன் படத்துக்கு மாலை போட்டு, அம்மாவை மேடையில் உட்கார வைக்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் போலிருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

 அம்மா தேநீரைத் தொடவே இல்லை. "போட்டோவுக்கு மாலை நாங்க வீட்டுலயே போட்டிருக்கோங்க சார்" என்றார். "நாங்க மாலை கேட்டு வரல. கொழுந்து நிறுக்குறப்ப ஒருத்தி பறிச்சத இன்னொருத்தி பேருல எழுதுனா, நாங்க தராச விட்டு நகர மாட்டோம். அங்கயே நிப்போம். இதுவும் அப்பிடித்தாங்க." சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வரும்போது ரயிலில் அம்மா அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டுகிறவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் எங்கள் ரயில் அந்தப் பக்கமே போகவில்லை. நான் கையையும் பிடிக்கவில்லை. கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் பிடித்திருப்பாய்.

ஆய்விதழுக்கு நாங்களே எழுதினோம். இங்கிலீஷில் எழுதியது திலினி. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து, அம்மா எழுதிய தமிழுக்கு அர்த்தமும் எழுதி அனுப்பினாள். இந்தக் கணக்கை யோகேஸ்வரி ஓட்டியதை நான் நேரில் பார்த்தேன் என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். அவளுடைய பட்டம் இன்னும் அதே பேராசிரியர் கையில்தான் இருக்கிறது, தெரியுமா? வேண்டாம்மா, உன் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நான் சொன்னேன். "அண்ணா, நாளைக்கி என் பேர் இல்லாமப் போனா யார் எழுதுவாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். உனக்கு நல்ல சிநேகிதி வாய்த்திருக்கிறாள்.

பல வாரம் பதிலே இல்லை. நான் தினமும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மின்னஞ்சலைப் பார்ப்பேன். வாடிக்கையாளர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். போன வாரம் வந்தது. விசாரித்தார்களாம். ஆதாரத்தை ஏற்றுக்கொண்டார்களாம். திருத்தம் வெளியிடப்போகிறார்களாம். கட்டுரை ஆசிரியர்கள் வரிசையில் முதலாவதாக உன் பெயர். பேராசிரியரும் சம்மதித்துவிட்டார். நடந்தது ஒரு கவனக்குறைவு என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறார். கவனக்குறைவாம்! மூன்று பெயரை எழுத இருந்த கவனம் நாலாவதுக்கு எங்கே போயிற்று?

அம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிதான்" என்றார்.  அன்றைக்குப் பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

திருத்தத்தோடு ஒரு படிவமும் அனுப்பியிருந்தார்கள். பெயர், நிறுவனம், வேலை செய்யப்பட்ட இடம், வாசகர்கள் தொடர்புகொள்ள முகவரி. அன்று பின்னேரமே பேராசிரியர் கூப்பிட்டார். குரலில் தேன். "நிறுவனம் எண்ட இடத்தில எங்கட துறையின்ர பேரைப் போடுங்கோ. அதுதான் அவவுக்குக் கௌரவம். துறைக்கும் நல்லது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். போன தடவை அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் கேட்டபோது நீ அவர்கள் மாணவியே இல்லை. இப்போது உன் பெயர் முதலாவதாக வரப்போகிறது என்றதும் அவர்கள் பிள்ளையாகிவிட்டாய்! "நீங்கதானே சார் பதிவு இல்லனு சொன்னீங்க. இல்லாத பதிவ இப்ப நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் நான் வைத்துவிட்டேன். சண்டை தொடங்கியபிறகு அவரிடம் நான் கத்தாமல் பேசியது அது ஒருதரம்தான்.

அப்புறம் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். என்ன போடுவது? என் கடைப் பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். அம்மா, "கணக்கு எங்கப்பா நடந்துச்சு?" என்று கேட்டார். "இங்கதான்" என்றேன். "அப்ப இங்கதான்னு எழுது."

நமக்கு ஏது முகவரி, யோகா? நம் கதவுக்கு எண் கிடையாது, நம் பாதைக்குப் பெயர் கிடையாது. தபால்காரர் நம் வாசலுக்கு வந்ததே இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே கட்டாகக் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால், மனது வைத்தால் கொண்டுவருவார்கள். எத்தனை பிள்ளைகளின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான வருடம் இங்கே இருக்கிறோம், ஒரு கடிதம் நேராக நம்மைத் தேடி வராது. இந்த அநியாயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆனாலும் எழுதினேன். நிறுவனம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். வேலை செய்யப்பட்ட இடம்: ஏழாம் நம்பர் லயம், மேல்கணக்கு, வட்டவளை, இலங்கை. தொடர்பு முகவரியும் அதுவேதான். (மேல்கணக்கு என்பது நம் தோட்டத்தின் மேல் பிரிவு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.) அம்மா ஒவ்வோர் எழுத்தையும் இங்கிலீஷில் என்னை உரக்கச் சொல்லவைத்தார். திலினி சரி பார்த்தாள். "லயம்" என்பதை மொழிபெயர்க்க வேண்டுமா என்று ஆய்விதழ்க்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே போடுங்கள் என்று எழுதிவிட்டேன்.

ஆகவே, செல்லமே, ஒலியைவிட வேகமாக ஓடுகிற எஞ்சினின் வாயைப் பற்றி இனி உலகத்தில் எவன் படித்தாலும், முதல் பக்கத்திலேயே நம் லயத்தை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அந்த முகவரியைப் பார்த்து, யோகேஸ்வரிக்கு என்று யாராவது ஒரு கடிதம் எழுதினால், அதைத் தோட்ட ஆபீசில் ஒருநாள்கூடத் தூங்க விடமாட்டேன். கடைக்குப் போகிற வழியில் தினமும் காலையில் அந்தக் கவுண்டரில் நின்று, "எங்க யோகாவுக்குத் தபால் வந்திருக்கா?" என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். நேற்றிலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டேன். கிளாக்கர் தலையை நிமிர்த்தி, "அந்தப் புள்ளதான் எறந்துருச்சே" என்றார். "தெரியும். வந்திருக்கானு பாருங்க" என்றேன். எழுந்துபோய்ப் பார்த்தார்.

உனக்கு முன்னால் பிறந்து, உன் பின்னால் நடந்தே பழகிய
உன் அண்ணன்,
ரவி